வாழ்த்து மடல் வரைய முன்னம் கடைக்குப் போங்கள்

கடந்த வருடம் ஒக்டோபர் 6 ஆசிரியர் தினத்துக்கு 200 வாழ்த்து மடல் அடித்தேன். 40 தான் போனது. இந்த முறை கிளிநொச்சி, பரந்தன், புதுக்குடியிருப்புக் கடைகளில் ஒரு மாதம் விசாரித்துவிட்டுத்தான் பென்சிலைத் தொட்டேன். செய்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

1. எண்ணுங்கள்
கடைத் தட்டில் இருக்கும் மடல்கள் என்ன விசேஷம், என்ன மொழி, என்ன விலை, எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமை கழித்துத் திரும்பப் போய் எண்ணுங்கள். 80 பக்கக் கொப்பி போதும், எக்செல் வேண்டாம். படம் பிடிப்பதென்றால் கடைக்காரரைக் கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.

ஒரு கடையில் பிறந்தநாள் மடல்களின் மேல் விளிம்பு வெயிலில் மஞ்சளாகியிருந்தது. தொட்டால் விரலில் தூசி. பக்கத்திலேயே காசு வைக்கும் உறைக்கட்டு பாதி முடிந்திருந்தது. கலியாணமோ சாமத்திய வீடோ, எங்கள் சனம் உறையில் பேர் எழுதித்தானே கொடுக்கும்! நான் இப்போது வரைவது அந்த உறைகளைத்தான்.

2. ஆட்களிடம் கேளுங்கள்
நான் சறுக்கிய இடம் இது. போன வருடம் மடலைக் காட்டி, "வடிவா இருக்கா?" என்று கேட்டேன். எல்லோரும், "நல்ல வடிவு பிள்ளை" என்றார்கள். முகத்துக்கு நேரே வேறென்ன சொல்வார்கள்? அதை நம்பி அச்சுக்குக் கொடுத்தேன். இப்போது மடலைக் காட்டுவதே இல்லை. "கடைசியா எப்ப காட் வாங்கினனீங்கள்? ஆருக்கு? எவ்வளவு குடுத்தனீங்கள்?" இந்த மூன்றும்தான். ஒரு ரீச்சர் சொன்னா, அவவின் வகுப்புப் பிள்ளைகள் பிரிஸ்டல் போட்டில் தாங்களே வெட்டி ஒட்டிக் கொண்டுவருவார்களாம். என் மடல் ஏன் தேங்கியது என்று அப்போதுதான் விளங்கியது.

3. கடைக்காரரிடம்
கைக்காசா, விற்றபின் காசா? விலையில் அவருக்கு விடும் கழிவு எவ்வளவு? மிஞ்சியதைத் திருப்பித் தருவாரா? மத்தியானம் போங்கள், ஆறுதலாகக் கதைப்பார்.

4. உறையின் அளவு
ஏ5 தாளை மடித்தால் 105க்கு 148 மி.மீ. அதற்குச் சி6 உறை, 114க்கு 162, சரியாக இருக்கும். சதுர மடல் அடித்துவிட்டு உறை தேடி வவுனியா வரை அலைந்தேன். முதலில் உறையை வாங்கி மேசையில் வையுங்கள், அப்புறம் அளவைத் தீர்மானிக்கலாம்.

பின்சேர்க்கை: திருவிழாக் கடைகளை எப்படி எண்ணுவது என்று மன்னாரிலிருந்து ஒருவர் கேட்டிருந்தார். மடுத் திருவிழா ஓகஸ்ட் 15. கிழமைக் கணக்கு அங்கே சரிவராது. கடை போட்ட அன்று ஒருமுறை எண்ணுங்கள், பிறகு சாமான் கட்டும் நேரம் போய், பெட்டிக்குள் திரும்ப என்ன போகிறது என்று பாருங்கள்.