போர்க்காலத்தில் அமெரிக்க அதிபரின் அதிகாரம்: விவாதிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அதிபர் வேறொரு நாட்டின் மீது தாக்குதல் நடத்த ஆணையிட்டார் என்ற செய்தி வந்தவுடன், அதற்கு அவருக்கு அதிகாரம் உண்டா என்ற வாதமும் கூடவே எழுகிறது. அவர் முப்படைகளின் தலைமைத் தளபதி, ஆகவே உண்டு என்கிறது ஒரு தரப்பு. போரை அறிவிக்கும் உரிமை நாடாளுமன்றமான காங்கிரசுக்கே உரியது, ஆகவே இல்லை என்கிறது மறுதரப்பு. அரசமைப்புச் சட்டத்திலிருந்து ஆளுக்கொரு வரியை எடுத்துக்கொண்டு அதோடு நின்றுவிடுவதால், இருவரின் பேச்சும் ஓரடி கூட நகர்வதில்லை. இந்த விவாதத்தில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை ஒரே வேரில் கிளைத்தவை என்றே சொல்ல வேண்டும்: அதிபரின் அதிகாரத்தைத் தனியே எடுத்து அளக்க முற்படுகிறோம், அதே பொருள் பற்றிக் காங்கிரஸ் என்ன சட்டம் இயற்றியிருக்கிறது என்று பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

தலைமைத் தளபதி என்ற பதவிப் பெயரிலிருந்தே எல்லா அதிகாரத்தையும் வருவித்துக்கொள்வது முதல் தவறு. அரசமைப்பின் இரண்டாம் பிரிவு அதிபருக்கு அந்தப் பொறுப்பைத் தருகிறது என்பது உண்மை. ஆனால் போரை அறிவிப்பது, படைகளைத் திரட்டுவது, அவற்றுக்கு நிதி ஒதுக்குவது, படைகளுக்கான விதிகளை வகுப்பது ஆகிய அனைத்தையும் முதல் பிரிவு காங்கிரசிடம் ஒப்படைத்திருக்கிறது. தரைப்படைக்கான நிதியை ஒரே மூச்சில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்றுகூட அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அரசமைப்புக்கு ஒப்புதல் தேடி 1788இல் எழுதிய அலெக்சாண்டர் ஹாமில்டன், வலுவான அதிபர் வேண்டும் என்று வாதாடியவர். அவரே, இந்தப் பொறுப்பு படைகளின் உச்சத் தலைமையைத் தவிர வேறொன்றும் இல்லை என்றும், போர் தொடுக்கும் உரிமையும் படை திரட்டும் உரிமையும் கொண்ட பிரிட்டிஷ் மன்னரின் அதிகாரத்தைவிட இது மிகக் குறைவானது என்றும் விளக்கினார்.

எதிர்த் தரப்பின் தவறும் இதற்கு நிகரானதே. அரசமைப்பை வகுத்த பிலடெல்பியா மாநாட்டில் 1787 ஆகஸ்ட் 17 அன்று, காங்கிரஸ் ‘போரை நடத்தும்’ என்றிருந்த வரைவை ‘போரை அறிவிக்கும்’ என்று மாற்றும்படி ஜேம்ஸ் மாடிசனும் எல்பிரிட்ஜ் கெர்ரியும் முன்மொழிந்தார்கள். திடீர்த் தாக்குதலை முறியடிக்கும் அதிகாரம் அதிபரிடம் இருக்கட்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். ஆகவே காங்கிரசின் ஒப்புதல் இல்லாமல் அதிபர் ஒரு தோட்டாவைக்கூடச் சுட முடியாது என்பதும் பொருந்தாது. எது திடீர்த் தாக்குதல், எங்கே தற்காப்பு முடிந்து போர் தொடங்குகிறது என்பதில்தான் மெய்யான சர்ச்சை இருக்கிறது.

தமிழில் இதைப் பற்றிப் பேசும்போது இன்னொரு பிழையும் சேர்ந்துகொள்கிறது. நாம் அறிந்த அரசமைப்புகளை அங்கே பொருத்திப் பார்க்கிறோம். இந்தியாவில் படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் இருந்தாலும், அவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்பட வேண்டும். அதோடு, போர்க்கால நெருக்கடி நிலைக்கென்று 352ஆம் பிரிவு தனியாக உண்டு. இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசமைப்போ போரையும் சமாதானத்தையும் பிரகடனம் செய்யும் அதிகாரத்தை ஜனாதிபதிக்கே தருகிறது. அமெரிக்க அரசமைப்பில் இவ்விரண்டும் இல்லை. போர் வந்தால் விதிகள் மாறும் என்று சொல்லும் பொதுவான நெருக்கடி நிலைப் பிரிவும் அதில் கிடையாது.

காங்கிரசின் சட்டத்தைப் பாராமல் அதிபரின் அதிகாரத்தைப் பேச முடியாது என்பதை 1952இன் உருக்காலை வழக்கைப் போல் வேறெதுவும் தெளிவாக்கவில்லை. கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது தொழிலாளர் வேலைநிறுத்தம் வரவிருந்தது. உருக்கு உற்பத்தி நின்றால் போர்முனையில் ஆயுதம் குறையும் என்று சொல்லி, அதிபர் ட்ரூமன் ஏப்ரல் 8 அன்று ஆலைகளை அரசின் கைக்கு எடுத்துக்கொள்ள ஆணையிட்டார். ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அந்த ஆணையைச் செல்லாதது என்றது. பெரும்பான்மையின் முடிவுக்கு உடன்பட்டு, நீதிபதி ராபர்ட் ஜாக்சன் தம் காரணங்களைத் தனியாக எழுதிய இணக்கத் தீர்ப்பே பின்னாளில் இத்துறையின் அளவுகோலாயிற்று. காங்கிரசின் ஒப்புதலோடு அதிபர் செயல்படும்போது அவர் அதிகாரம் உச்சத்தில் இருக்கிறது. காங்கிரஸ் எதுவும் சொல்லாமல் இருக்கும்போது இருவருக்கும் பொதுவான ஒரு மங்கலான பரப்பில் இருக்கிறது. காங்கிரசின் விருப்பத்துக்கு எதிராகச் செயல்படும்போது மிகத் தாழ்ந்த நிலையில் இருக்கிறது என்று அவர் வகுத்தார். 1947இல் தொழில் தகராறுச் சட்டத்தை விவாதித்தபோது ஆலைகளைக் கைப்பற்றும் வழிமுறையைக் காங்கிரஸ் பரிசீலித்து நிராகரித்திருந்தது. ஆகவே ட்ரூமனின் செயல் மூன்றாம் வகையில் விழுந்தது. அந்த ஒரு தகவலை நீக்கிவிட்டால் வழக்கே வேறு வழக்காகிவிடும்.

இதே வழக்கில் மற்றொரு தவறுக்கும் விடை இருக்கிறது. ஆளும் கட்சி மாறும்போது கொள்கையையும் மாற்றிக்கொள்வது இந்த விவாதத்தின் நாட்பட்ட நோய். ஜாக்சன் முன்பு அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசுத் தலைமை வழக்கறிஞராக இருந்தவர்; 1941இல் விமானத் தொழிற்சாலை ஒன்றை அரசு கைப்பற்றியதை அப்போது அவர் ஆதரித்துப் பேசியிருந்தார். அந்தப் பேச்சையே ட்ரூமன் அரசு அவருக்கு எதிரே எடுத்து வைத்தது. ஒரு தரப்பின் வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காகச் சொன்னதை நீதிபதி முன்னுதாரணமாக ஏற்க முடியாது என்று அவர் அடிக்குறிப்பில் எழுதி நகர்ந்தார். அரசின் சட்ட ஆலோசகர்கள் எழுதும் கருத்துரைகளை நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகராக மேற்கோள் காட்டுவோர் இந்த அடிக்குறிப்பை ஒருமுறை படிப்பது நல்லது.

அறிவிப்பு இல்லாத போர் எல்லாம் சட்டவிரோதம் என்ற கூற்றும் அடிக்கடி கேட்பதுதான். முறைப்படியான போர் அறிவிப்பைக் காங்கிரஸ் கடைசியாக நிறைவேற்றியது 1942 ஜூன் மாதத்தில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய நாடுகளுக்கு எதிராக. அதன்பின் அது கையாளும் வழி, படைபலத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் தீர்மானம். வியட்நாம் போருக்கு வழிவிட்ட 1964இன் டோங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் ஓர் எதிர்ப்பு வாக்குகூட இல்லாமலும், செனட்டில் 88க்கு 2 என்ற கணக்கிலும் நிறைவேறியது. செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் 2001இல் வந்த தீர்மானத்தை இரு அவைகளிலுமாகச் சேர்த்து எதிர்த்து வாக்களித்தவர் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பார்பரா லீ ஒருவரே. எனவே அறிவிப்பு உண்டா என்று கேட்பதைவிட, அனுமதித் தீர்மானத்தின் வாசகம் யாரை, எதற்காகக் குறிக்கிறது என்று கேட்பதே பயன் தரும். 2001இன் தீர்மானம் அந்தத் தாக்குதலைத் திட்டமிட்டோரையும் அவர்களுக்குப் புகலிடம் தந்தோரையும் பற்றியது. அதையே 2014இல் ஐஎஸ் அமைப்புக்கு எதிரான போருக்கும் ஆதாரமாகக் காட்டியபோது எழுந்த கேள்வி நியாயமானது.

1973ஆம் ஆண்டின் போர் அதிகாரத் தீர்மானத்தைப் பற்றித்தான் மிகுதியான தவறான தகவல் உலவுகிறது. அதிபர் நிக்சனின் வீட்டோவை, அதாவது மசோதாவை நிராகரிக்கும் ஆணையை, மீறிக் காங்கிரஸ் நிறைவேற்றிய இச்சட்டம், படைகளை மோதலில் இறக்கிய 48 மணி நேரத்துக்குள் அதிபர் காங்கிரசுக்கு அறிக்கை தர வேண்டும் என்றும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாட்களில் நிறுத்த வேண்டும் என்றும், படைகளைப் பத்திரமாக விலக்கிக்கொள்ளத் தேவையானால் மேலும் 30 நாட்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றும் விதிக்கிறது. இதைப் படித்துவிட்டு, 60 நாட்கள் வரை அதிபர் விரும்பியபடி போர் புரியலாம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அதிபருக்கு ஏற்கெனவே இல்லாத எந்த அதிகாரத்தையும் இச்சட்டம் புதிதாகத் தரவில்லை என்று அதன் எட்டாம் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. கெடு உண்மையில் கட்டுப்படுத்துகிறதா என்பது வேறு கேள்வி. 2011இல் லிபியாவில் 60 நாட்கள் கடந்த பின்னரும் தாக்குதல் தொடர்ந்தது. நடப்பது சட்டம் குறிப்பிடும் ‘மோதல்’ என்ற அளவை எட்டவில்லை என்று ஒபாமா அரசு வாதிட்டது. அந்த வாதம் அரசின் ஆதரவாளர்கள் பலருக்கே செரிக்கவில்லை.

முன்னுதாரணங்களைப் பாதியில் வெட்டி எடுப்பதும் தவறே. உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861இல் அதிபர் லிங்கன் காங்கிரஸ் கூடாத வேளையில், காவலில் உள்ளவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு உரிமையை நிறுத்தி வைத்தார், துறைமுகங்களை முற்றுகையிட்டார் என்று சொல்வோர், ஜூலை 4 அன்று கூடிய காங்கிரசிடம் அவர் விளக்கம் அளித்து ஒப்புதல் கோரியதையும், 1863இல் காங்கிரஸ் அந்த உரிமை நிறுத்தத்துக்குச் சட்டம் இயற்றியதையும் சொல்வதில்லை. குடிமை நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமகனைப் படை நீதிமன்றம் விசாரிக்கக் கூடாது என்று 1866இல் மில்லிகன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே சமயம், காங்கிரஸ் ஒப்புக்கொண்டாலே எல்லாம் சரி என்றும் கொள்ள முடியாது. 1942இல் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டபோது அதிபரின் ஆணைக்குத் துணையாகக் காங்கிரசும் சட்டம் இயற்றியிருந்தது. 1944இல் உச்ச நீதிமன்றமும் அதற்கு இசைந்தது. அரசின் மூன்று அங்கங்களும் உடன்பட்டு இழைத்த அந்த அநீதிக்கு 1988இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் இழப்பீடு தரவேண்டியிருந்தது.

கடைசியாக, சட்டவிரோதம் என்று நிறுவிவிட்டால் நீதிமன்றம் தடுத்துவிடும் என்ற எதிர்பார்ப்பு. தனிமனிதரின் உடைமையோ விடுதலையோ பறிபோகும்போது நீதிமன்றம் தலையிட்டிருக்கிறது; எதிரிப் படையாள் என்று காவலில் வைக்கப்பட்ட அமெரிக்கக் குடிமகன் ஹம்தியின் வழக்கில் 2004இல், போர்நிலை என்பது அதிபருக்குத் தரப்பட்ட வெற்றுக் காசோலை அன்று என்று நீதிபதி சாண்ட்ரா டே ஓகானர் எழுதினார். ஆனால் போரையே நிறுத்தக் கோரி வரும் வழக்குகளை, 1999இல் கொசோவோ போரை முன்னிட்டுக் காங்கிரஸ் உறுப்பினர்கள் தொடுத்தது உட்பட, நீதிமன்றங்கள் பெரும்பாலும் ஏற்பதில்லை. காங்கிரஸ் தடைத் தீர்மானம் நிறைவேற்றினாலும் அதிபர் அதை வீட்டோ செய்யலாம். ஏமன் பற்றி 2019இலும் ஈரான் பற்றி 2020இலும் ட்ரம்ப் அப்படியே செய்தார், அதை மீறத் தேவையான மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் கிடைக்கவில்லை. எஞ்சுவது நிதி. 1973 ஜூன் மாதம் கம்போடியக் குண்டுவீச்சுக்கான பணத்தை உடனே நிறுத்தும் மசோதாவை நிக்சன் வீட்டோ செய்தபோது, அரசு இயங்குவதற்கே வேண்டிய நிதி மசோதாக்களோடு அந்தத் தடையைப் பிணைக்கக் காங்கிரஸ் முனைந்தது. நிக்சன் இறங்கிவந்து ஆகஸ்ட் 15 என்ற கெடுவுக்கு ஒப்புக்கொண்டார், அந்த நாளில் குண்டுவீச்சு நின்றது.