முதுகை விடுங்க, முதலில் செருப்பைத் திருப்பிப் பாருங்க

செங்கோட்டையிலிருந்து எல்லை தாண்டி, கேரளத்தில் உள்ள புனலூருக்குப் போய் ஜவுளிக்கடையில் நிற்கிற வேலை எனக்கு. காலையில் நிற்க ஆரம்பித்தால் ராத்திரி ஷட்டர் இறக்கும் வரை நிற்பதுதான். ஒரு தோள் இறங்கி, முதுகு கூனி, ஒருபக்கமாகச் சாய்ந்து நடப்பதைப் பார்த்து அம்மா தினமும் சொல்வார், "ஏல, நிமிர்ந்து நில்லுல." நிமிர்வேன், இரண்டு நிமிஷம். அப்புறம் சேலை மடிக்கக் குனிந்ததும் பழைய கூன்தான்.

கடைசியில் பிசியோதெரபி பார்க்கிற ஒருவரிடம் போனால், மனுஷர் முதுகைத் தொடவே இல்லை, செருப்பைக் கழற்றித் தரச் சொல்லித் திருப்பிப் பார்த்தார். வலது செருப்பின் குதிகாலில் உள் ஓரம் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்திருந்தது.

நீங்களும் பாருங்கள். குதிகாலின் வெளி ஓரம் லேசாகத் தேய்வது பலருக்கும் உள்ளதுதான். உள் ஓரம் தேய்ந்திருந்தாலோ, ஒன்று மற்றதைவிட ரொம்பத் தேய்ந்திருந்தாலோ கவனிக்க வேண்டும். குளித்துவிட்டு வந்து ஈரக்காலைக் காய்ந்த சிமென்ட் தரையில் வைத்துப் பாருங்கள். உள்பக்கம் வளைந்து இடம் விட்டால் பாதத்தில் வளைவு இருக்கிறது. தோசை மாதிரி முழுசாகப் பதிந்தால் தட்டைப்பாதம். அது நோய் இல்லை, வலியே இல்லாமல் அப்படி நடக்கிறவர்கள் நிறையப் பேர், பயப்படாதீர்கள்.

ஆரியங்காவு தாண்டித் தென்மலை போகிற வழியில் ரயில் ஏறுகிற பதிமூன்று கண் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் ஒவ்வொரு வளைவும் நிற்பது இரண்டு பக்கத்துக் கால்களும் நகராமல் இருப்பதால். பாதமும் அப்படித்தான், ஆனால் அது கல் இல்லை. 26 எலும்புகளைத் தசையும் நாரும் சேர்த்து இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்தத் தசை சோம்பினால் வளைவு இறங்கும், கணுக்கால் உள்ளே சாயும், முட்டியும் கூடவே உள்ளே திரும்பும், இடுப்பு முன்னால் சரியும், அதைச் சமாளிக்க முதுகு வளையும். எல்லா முதுகுவலிக்கும் பாதம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க நிற்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது என்கிறேன், அவ்வளவுதான்.

சரி, பயிற்சி. நாற்காலியில் உட்கார்ந்து வெறுங்காலைத் தரையில் வையுங்கள். குதிகால், பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, இந்த மூன்றும் தரையில் அழுந்தி இருக்கட்டும். இப்போது விரல்களை மடக்காமல், பெருவிரலின் அடிப்பகுதியைக் குதிகால் பக்கம் இழுக்கிற மாதிரி பாதத்தைச் சுருக்குங்கள். வெளியே பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும், உள்பக்க வளைவு மட்டும் லேசாக எழும்பும். ஐந்து விநாடி பிடித்து விடுங்கள், ஒரு காலுக்குப் பத்து முறை. முதலில் எல்லோரும் விரலைக் கொக்கி மாதிரி மடக்குவார்கள், நானும்தான், பிடிபடவே பத்து நாள் ஆனது. உட்கார்ந்து பழகிய பிறகு நின்று செய்யுங்கள். தரையில் போட்ட துண்டை விரலால் சுருட்டச் சொல்வார்கள், தப்பில்லை, ஆனால் அதில் விரல்தான் அதிகம் உழைக்கிறது, அதனால் என் ஓட்டு இதற்குத்தான்.

பெருவிரலை மட்டும் தூக்கி மற்ற நான்கையும் தரையில் வைப்பது, பிறகு மாற்றிச் செய்வது, இது இன்னொன்று. கவுண்டருக்குப் பின்னால் நின்றபடியே செய்யலாம், யாருக்கும் தெரியாது. வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, மூன்று எண்ணும் வரை மெதுவாக இறக்குங்கள், பத்துப் பதினைந்து முறை. மேலே போகும்போது எடை சுண்டுவிரல் பக்கம் ஓடாமல் பெருவிரலில் இருக்கட்டும். பல் தேய்க்கும்போது அரை நிமிஷம் ஒற்றைக்காலில் நில்லுங்கள். வழுக்குகிற குளியலறையில் மட்டும் வேண்டாம்.

கெண்டைக்காலை மறக்காதீர்கள். அது இறுகியிருந்தால் நடக்கும்போது அந்தச் சுமையும் பாதத்தின் வளைவில்தான் விழும். சுவரில் கை ஊன்றி ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையை விட்டு எழாமல் அரை நிமிஷம் நில்லுங்கள், பிறகு அடுத்த கால்.

பழக்கத்தில் நான் மாற்றியது இரண்டு மூன்றுதான். ஒரு இடுப்பில் எடையைப் போட்டுச் சாய்ந்து நிற்பதை விட்டேன். கவுண்டருக்குக் கீழே ஒரு பலகைக்கட்டை போட்டு, கால் மாற்றிக் கால் அதில் வைத்துக்கொள்கிறேன். குழிந்துபோன ரப்பர் செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, பின்னால் வார் உள்ளதாக வாங்கினேன். வார் இல்லாத தளர்ந்த செருப்பு கழன்றுவிடாமல் விரல்கள் ஒவ்வொரு அடிக்கும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும், பாவம்.

அப்புறம், உட்காருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளத்தில் 2018-லும் தமிழ்நாட்டில் 2021-லும் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். எல்லைக்கு எந்தப் பக்கம் வேலை பார்த்தாலும் ஸ்டூல் கேட்கலாம். எங்கள் கடையில் கேட்டபோது முதலில் முகம் சுளித்தார்கள், ஸ்டூல் வந்துவிட்டது.

சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலில் இதையெல்லாம் செய்ய வேண்டாம். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் முள் குத்தியதுகூடத் தெரியாது. காலில் மரத்துப்போவது, ஒரு கால் மட்டும் வீங்குவது, காலையில் எழுந்து வைக்கிற முதல் அடியிலேயே குதிகால் சுரீரென்று வலிப்பது, இதில் எது இருந்தாலும் முதலில் டாக்டரைப் பாருங்கள். மற்றவர்கள் முதல் வாரம் உட்கார்ந்து செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான் ஆர்வக்கோளாறில் முதல் நாளே எல்லாவற்றையும் செய்துவிட்டு, உள்ளங்காலில் பிடித்த சுளுக்கோடுதான் மறுநாள் ரயில் ஏறினேன்.