கையளவு காட்டுக் குருவிகளைப் பார்ப்பதும் வரைவதும்

குருவி வரைய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் போனில் ஒரு போட்டோவைத் திறந்து வைத்துக்கொண்டு இறகு இறகாக எண்ணி வரைய ஆரம்பிக்கிறார்கள். படம் அச்சு அசலாக வரும், ஆனால் அந்தக் குருவி கிளையில் உட்கார்ந்திருக்காது, வெட்டி ஒட்டின மாதிரி இருக்கும். முதலில் அது உட்காரும் வாகு, அப்புறம் உருவம், நிறம் கடைசியில்தான். இந்த வரிசை கைக்குப் பழக வேண்டுமென்றால் மரத்தடியில் போய் நிற்க வேண்டும், வேறு வழி கிடையாது.

மதுரைக்காரர்கள் அதற்காக ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. அழகர்கோவிலிலிருந்து பழமுதிர்சோலைக்கு ஏறுகிற மலைச்சாலை, வாடிப்பட்டி பக்கம் சிறுமலை அடிவாரத்தில் இருக்கிற குட்லாடம்பட்டி, நாகமலைச் சரிவு, நத்தம் பக்கத்து மாந்தோப்புகள், எல்லாமே விடியலில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட்டு வீடு திரும்பலாம். 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தளமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டிக்குப் பலரும் பாறை மேல் வட்டமிடும் கழுகையும் வல்லூறையும் பார்க்கப் போகிறார்கள், கீழே இருக்கிற புதர்களையும் கொஞ்சம் கவனியுங்கள். ஐப்பசி முதல் மாசி வரை நல்ல காலம், ஆறுமணிக்குருவி மாதிரி வலசை வருகிறவையும் அப்போது இங்கே தங்கியிருக்கும். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழையாதீர்கள், சாலையோரமே போதும். தோப்பாக இருந்தால் "அண்ணே, குருவி பார்க்க வந்திருக்கேன்" என்று காவலுக்கு இருக்கிறவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், எந்த மரத்துக்கு எது வரும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அழகர்மலையில் பையைத் திறந்து வைக்க வேண்டாம், குரங்குகள் விடாது.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8x42 வாங்குங்கள், அதாவது எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது, முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம். 10, 12 என்று பெருக்கம் கூடக்கூடத் தெரியும் பரப்பு குறுகிவிடும், கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், இலைக்குள் துள்ளுகிற சிட்டை அதில் பிடிக்கவே முடியாது. கூடவே சட்டைப்பையில் அடங்குகிற நோட்டும் ஒரு 2பி பென்சிலும். ரப்பர் வேண்டாம்.

சரி, எங்கே நிற்பது? மாமரத்தில் புல்லுருவி, அதாவது கிளையிலேயே வேர்விட்டு மரத்தின் சாற்றை உறிஞ்சி வளர்கிற ஒட்டுண்ணிச் செடி, படர்ந்த கிளையைத் தேடுங்கள். தோப்புக்காரருக்கு அது எதிரி, ஆனால் குருவி பார்க்கிறவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. அதன் குழல் பூவுக்குத் தேன்சிட்டு வரும், பழத்துக்குப் பூங்கொத்தி வரும். பூங்கொத்தி 8 செ.மீ. நீளம்தான், நம் நாட்டின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று, பழத்தைத் தின்றுவிட்டுப் பிசுபிசுக்கும் விதையைக் கிளையிலேயே தேய்த்துவிட்டுப் போகும், அங்கே அடுத்த புல்லுருவி முளைக்கும். காட்டுப் பக்கம் என்றால் வேறு மாதிரி. ஒன்றுமே இல்லாமல் வெறிச்சென்று இருக்கும், திடீரென்று மாம்பழச்சிட்டு, பட்டாணிக்குருவி, மின்சிட்டு, விசிறிவால் குருவி, கூடவே ஒரு கரிச்சான் என்று கலந்து ஒரு கூட்டம் இரை தேடிக்கொண்டே உங்களைக் கடந்து போகும். எல்லாவற்றையும் துரத்தாதீர்கள். ஒன்றே ஒன்றை, அது மறைகிற வரை பாருங்கள், மறைந்ததும் கண்ணை மூடுங்கள், மூடின கண்ணுக்குள் மிச்சம் இருப்பதை மட்டும் வரையுங்கள். இரண்டு கோடுதான் வந்தது என்றால் இரண்டு கோடு போதும். பக்கத்தில் தேதி, மரம், என்ன தின்றது என்று எழுதி வையுங்கள்.

அந்த இரண்டு கோட்டில் முதல் கோடு அலகிலிருந்து வால் நுனி வரை உடம்பின் சாய்வாக இருக்கட்டும். தையல்சிட்டு வாலை நட்டுக்குத்தலாகத் தூக்கும், ஈப்பிடிப்பான் நிமிர்ந்து உட்காரும், ஆக அந்தச் சாய்வு சரியாக வந்தாலே எந்தக் குருவி என்று பாதி தெரிந்துவிடும். அதன் மேல் உடம்புக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்குச் சின்னதாக இன்னொன்று. கால்தான் பலருக்கும் தகராறு. வெளியே தெரிகிற குச்சிக்கால் மேலே பின்பக்கமாக மடிகிற இடம் முழங்கால் இல்லை, குதிகால். முழங்கால் வயிற்று இறகுக்குள் மறைந்திருக்கிறது. பாதம் உடம்பின் பாரத்துக்கு நேர்கீழே வர வேண்டும், கொஞ்சம் தள்ளிப் போட்டாலும் குருவி கவிழ்ந்துவிடும். கண்ணில் வானம் பார்த்த பக்கம் ஒரு புள்ளி வெள்ளையை விட்டுவிட மறக்காதீர்கள்.

நிறத்தை வீட்டில் வந்து ஏற்றுங்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள தடிமனான தாள் நல்லது. நம்ம ஊர்க் காற்றுக்கு வாட்டர் கலர் பூசப் பூசக் காயும், அதனால் மின்விசிறியை நிறுத்திவிட்டு, தாளை இரண்டு பக்கமும் நனைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். டியூபில் வருகிற கறுப்பைத் தொடாதீர்கள், அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் கலந்தால் உயிருள்ள கறுப்பு கிடைக்கும், மாம்பழச்சிட்டின் இறக்கைக்கு அதுதான் பொருத்தம். அதன் மஞ்சள் வயிற்றின் நிழலுக்குக் கறுப்பைக் கலந்தால் அழுக்குப் பச்சையாகிவிடும், துளி ஊதா கலந்து பாருங்கள்.

ஊதாப்பிட்டத் தேன்சிட்டு ஆணின் தோளிலும் உச்சந்தலையிலும் மின்னுகிற பச்சை, சாயத்தால் வருவது இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருகிறது, அதனால்தான் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே பளபளப்பு போய் இருண்டுவிடுகிறது. மின்னும் பெயின்டு வாங்கிப் பூசினால் பொம்மைதான் வரும். சுற்றிலும் நன்றாக இருட்டாக்கி, ஒளி படுகிற இடத்தில் மட்டும் சுத்தமான பச்சையைக் கடுகளவு வையுங்கள், அது போதும். அரசவால் ஈப்பிடிப்பானின் வெள்ளை ஆணுக்கு உடம்பில் எதையும் பூச வேண்டாம், பின்னாலிருக்கிற இலை நிழலை வரைந்தால் தாளின் வெள்ளையே குருவியாக நிற்கும்.

போனில் குரலை ஒலிக்கவிட்டு அழைக்காதீர்கள், கூட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள். பதறுகிற குருவியின் வாகு அதன் இயல்பான வாகு இல்லை, படத்திலும் அது தெரியும்.

பங்குனி, சித்திரையில் மலைப்பக்கம் நிற்க முடியாது. அப்போது வீட்டு முருங்கை நிழலில் அகலமான மண்சட்டியில் ஓர் அங்குலம் தண்ணீர் வையுங்கள். சின்னானும் தையல்சிட்டும் தேன்சிட்டும் குளிக்க வரும், காட்டில் மூன்று நொடி நிற்கிற குருவி இங்கே நிமிஷக்கணக்கில் இறகு கோதும், இறக்கையின் மடிப்பைப் படிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. சட்டியைப் புதரை ஒட்டி வைக்காமல் ஐந்தாறு அடி தள்ளி வையுங்கள், பூனை பதுங்கிப் பாய முடியாது. தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், கொசுப் புழு வைத்துவிடும்.