இரண்டு சப்நெட், ஒரு இணைப்பு: திரும்பி வர வழி எங்கே?

பொழுது சாயும் நேரம் மட்டக்களப்பு வாவியின் குருமண்வெளித் துறையில் படகுப் பாதை (ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவை) ஏறி மண்டூருக்குப் போகிறவர் முதலில் கேட்பது, “திரும்பி வரப் பாதை இருக்குமா?” என்பதுதான். நெட்வொர்க் வேலையில் மட்டும் இந்தக் கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. போகும் வழியைப் போட்டுவிட்டு, வரும் வழி தானாக அமையும் என்று இருந்துவிடுகிறோம். இரண்டு சப்நெட்டுக்கு (ஒரே தொடக்க முகவரியைப் பகிரும் கணினிக் கூட்டத்துக்கு) ஒரே இணைப்பைப் பகிரும்போது நான் கண்ட பிழைகளில் பெரும்பாலானவை இதில்தான் வந்து முடியும்.

கல்லடியில் ஒரு மாடிக் கட்டடம். கீழே போட்டோ கொப்பி கடை, மேலே டியூஷன் வகுப்பு. பைபர் இணைப்பு கீழே மட்டும். கடையின் சப்நெட் 192.168.1.0, பிரதான ரௌட்டர் 192.168.1.1. மேலே இன்னொரு ரௌட்டர்: அதன் கடைப் பக்க முகவரி 192.168.1.2, வகுப்புப் பக்க முகவரி 192.168.2.1. இரண்டுக்கும் மாஸ்க், அதாவது முகவரியில் எவ்வளவு பகுதி சப்நெட்டைக் குறிக்கிறது என்று சொல்லும் எண், 255.255.255.0. கடையை எழுவான்கரை (வாவியின் கிழக்குக் கரை) என்றும் வகுப்பைப் படுவான்கரை (மேற்குக் கரை) என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பில் உள்ள 192.168.2.30 கணினியிலிருந்து ஒரு பாக்கெட் கீழே வந்து 192.168.1.1 வரை ஒழுங்காகப் போய்ச் சேரும். பதில் அனுப்பும்போதுதான் சிக்கல். 192.168.2.0 எந்தப் பக்கம் இருக்கிறது என்று பிரதான ரௌட்டருக்குத் தெரியாது. தெரியாத எதையும் அது டீபோல்ட் வழியாக வெளியே தள்ளும். 192.168 என்று தொடங்குபவை தனியார் முகவரிகள், 1994 முதல் அப்படி ஒதுக்கப்பட்டவை. வெளியே போனால் அங்கேயே தொலையும். வேடிக்கை என்னவென்றால், மேல் ரௌட்டருக்குள் போய் பிங் செய்தால் (பதில் வருகிறதா என்று தட்டிப் பார்த்தால்) பதில் வரும், ஏனென்றால் அப்போது அனுப்புகிற முகவரி 192.168.1.2. உடனே “ரௌட்டர் சரி, கணினியில்தான் பிழை” என்று விண்டோஸைத் திரும்பப் போட ஆரம்பிப்பார்கள்.

செய்ய வேண்டியது பிரதான ரௌட்டரில் ஒரு ஸ்டாட்டிக் ரூட், அதாவது நாமே கையால் எழுதிவைக்கும் வழி: போகும் இடம் 192.168.2.0, மாஸ்க் 255.255.255.0, கேட்வே (அங்கே போக முதலில் கொடுக்க வேண்டிய வாசல்) 192.168.1.2. இங்கேயும் சறுக்குகிறவர்கள் உண்டு. கேட்வே என்று 192.168.2.1 ஐப் போடுவார்கள். அது அக்கரைத் துறை. எழுவான்கரையில் நிற்கிறவன் பாதை ஏற வேண்டியது எழுவான்கரைத் துறையில்தானே?

இவ்வளவும் செய்தபின் கடையும் வகுப்பும் ஒன்றையொன்று பார்க்கும், ஆனால் வகுப்புக்கு இன்டர்நெட் வராது என்றால் நாட் (உள்ளே இருக்கும் முகவரியை வெளியே செல்லுபடியாகும் முகவரியாக மாற்றும் வேலை) விதியைப் பாருங்கள். சில ரௌட்டர்கள் தன் சொந்த சப்நெட்டுக்கு மட்டுமே முகவரி மாற்றிக் கொடுக்கும். மைக்ரோடிக் ரௌட்டரில் மாஸ்கரேட் என்ற நாட் விதியின் மூல முகவரியில் 192.168.1.0/24 (/24 என்பது 255.255.255.0 மாஸ்க்தான்) என்று மட்டும் இருந்தாலும் இதே கதைதான். அதைத் திருத்த ரௌட்டர் இடம் தராவிட்டால் மேல் ரௌட்டரிலும் நாட் போடுங்கள். இரட்டை நாட் என்றால் முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வகுப்புக்கு யூடியூபும் ஸூமும் மட்டும் போதுமென்றால் அதனால் ஒரு குறையும் வராது, ஸ்டாட்டிக் ரூட்டே தேவையில்லை. கடையிலிருந்து வகுப்புக் கணினியையோ கமராவையோ திறக்க வேண்டுமென்றால்தான் இரட்டை நாட் காலை வாரும்.

என்னை ஒரு முழுப் பின்னேரம் இருத்தி வைத்த பிழை வேறு. வகுப்பு நடத்துகிற சேர் கடைக் கணினியில் இருந்துகொண்டு போன் எடுத்தார். “தம்பி, பிங் போகுது, மேல இருக்கிற போல்டர்தான் திறக்குதில்ல.” முதலில் விண்டோஸ் பயர்வோலை (வருவதை வடிகட்டும் காவலை) சந்தேகித்தேன். நியாயமான சந்தேகம்தான், அடுத்த சப்நெட்டிலிருந்து வருவதை அது வழக்கமாகத் தடுக்கும். திறந்துவிட்டேன், அப்போதும் இல்லை. காகிதத்தில் அம்புக்குறி போட்டுப் பார்த்தபோதுதான் வெளித்தது. கடைக் கணினி அனுப்புவது 192.168.1.1 க்குப் போய், அங்கிருந்து 192.168.1.2 வழியாக மேலே ஏறுகிறது. பதில் இறங்கும்போது மேல் ரௌட்டர் கடைக் கணினிக்கு நேரே கொடுத்துவிடுகிறது, இருவரும் ஒரே சப்நெட் அல்லவா. பிரதான ரௌட்டரின் பயர்வோல் உரையாடலில் பாதியைத்தான் பார்க்கிறது. போல்டர் திறக்கப் பயன்படும் டிசிபி இணைப்பு மூன்று படி கைகுலுக்கலோடு தொடங்கும்; அதன் நடுவில் வரும் பதிலைக் காணாததால், அடுத்து வருவதைப் பிழையானது என்று வெட்டிவிடுகிறது. பிங்கில் அந்த மூன்று படி கைகுலுக்கல் இல்லை, அதனால் தப்பிக்கொள்கிறது.

ரௌட்டர் இடம் கொடுத்தால், இரண்டு ரௌட்டருக்கும் நடுவில் 192.168.3.0/30 போலத் தனியாக ஒரு சிறிய சப்நெட் வைப்பதுதான் சுத்தமான வழி. இரண்டு முகவரிதான் கிடைக்கும், அதுவே போதும். ஸ்டாட்டிக் ரூட்டின் கேட்வேயும் அப்போது மேல் ரௌட்டரின் புதிய முகவரியாக மாற வேண்டும். சேரின் ரௌட்டரில் அதற்குத் தனி போர்ட் பிரிக்க முடியவில்லை. அதனால் கடைக் கணினி ஒவ்வொன்றிலும் 192.168.2.0 க்கு நேரே 192.168.1.2 ஐக் காட்டிவிட்டு வந்தேன்.

மற்றவை சில்லறைப் பிழைகள், ஆனால் நேரத்தைத் தின்னும். இரண்டு பக்கமும் 192.168.1.0 என்றே விட்டுவிடுவது. ஒரு கணினியில் மாஸ்க் 255.255.0.0 என்று இருப்பது. அது அக்கரையையும் தன் கரை என்று நினைத்து, கேட்வேயிடம் போகாமல் அங்கேயே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒரே கணினியின் இரண்டு நெட்வொர்க் கார்டுக்கும் டீபோல்ட் கேட்வே கொடுப்பது. மேல் ரௌட்டரின் கேபிளை வேன் (வெளிப்பக்க) போர்ட்டுக்குப் பதிலாக லான் (உள்பக்க) போர்ட்டில் குத்திவிடுவது. அப்படி ஒரே வயரில் இரண்டு டிஎச்சிபி (கணினிகளுக்கு முகவரி வழங்குகிற வேலை) வந்தால் யாருக்கு என்ன முகவரி கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

அப்புறம் மாரிகாலம், கரண்ட் போய் வரும் காலம். ரௌட்டருக்குப் பதிலாக லினக்ஸ் கணினி வைத்தவர்கள் ஐபி பார்வர்டிங்கை (ஒரு பக்கம் வந்ததை மறுபக்கம் கடத்தும் அனுமதியை) அந்த நேரத்துக்கு மட்டும் திறந்துவிடுவார்கள், விண்டோஸில் ரூட் போடுகிறவர்கள் நிரந்தரமாக்கும் ‘பி’ சுவிட்சை மறப்பார்கள். கரண்ட் ஒருமுறை போய் வந்தால் இரண்டும் காணாமல் போகும். அதனால் வேலை முடிந்ததும் நானே மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்டு, இரண்டு மாடியிலிருந்தும் சோதித்துப் பார்ப்பேன். அன்றைக்கும் அணைத்தேன். கீழே கொப்பி மெஷினில் பாதி வந்திருந்த தாள் சிக்கிக்கொண்டது, அதை எடுக்க இன்னொரு கால்மணி நேரம் போனது.