கெண்டை ரகங்களை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிய ரகத்தை ஒரு குளத்திலும் பழைய ரகத்தை அடுத்த குளத்திலும் விட்டு, ஆறு மாதம் கழித்து வலை இழுத்து, கனமாக இருப்பதே நல்ல ரகம் என்று தீர்மானிக்கும் வழக்கம் நம்மிடையே பரவலாக உள்ளது. இவ்வாறு கிடைக்கும் எடை வித்தியாசத்தில் ரகத்தின் பங்கு எவ்வளவு, குளத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய வழியே இல்லை. ஒவ்வொரு ரகத்தையும் குறைந்தது மூன்று குளங்களிலாவது வளர்க்க வேண்டும். இயலாவிட்டால், பின்னர் இனம்பிரிக்க வசதியாகத் துடுப்பு நறுக்கியோ உடலில் அடையாளச் சில்லு செலுத்தியோ இரு ரகங்களையும் ஒரே குளத்தில் கலந்து விட வேண்டும்.

இவற்றினும் பெரிய தவறு தொடக்க எடையைக் கவனிக்காமல் விடுவதே. 20 கிராம் விரலி (விரல் நீளக் குஞ்சு) ஆறு மாதத்தில் 600 கிராமும், 10 கிராம் விரலி 500 கிராமும் எட்டியதாக வைத்துக்கொள்வோம். முதலாவது 580 கிராம் கூடியிருக்கிறது, மற்றது 490 கிராம்தான் என்பதால் முதல் ரகமே மேல் என்று தோன்றும். ஆனால் நாள்தோறும் அன்றைய எடையில் எத்தனை சதவீதம் வளர்ந்தது என்று கணக்கிட்டால் முதலாவதற்கு ஏறக்குறைய 1.9, இரண்டாவதற்கு 2.2 என்று முடிவு தலைகீழாகிவிடும். சிறிய மீன் இயல்பாகவே சதவீத அளவில் வேகமாக வளரும் என்பதால் இந்தக் கணக்கையும் அப்படியே நம்ப இயலாது. இஸ்ரேலில் சாதாக் கெண்டையை ஆராய்ந்த மோவாவும் வோல்ஃபார்த்தும் ஒரே ரகத்தையே வெவ்வேறு தொடக்க எடைகளில் ஒரே குளத்தில் வளர்த்து, தொடக்கத்தில் கூடுதலாக இருந்த ஒவ்வொரு கிராமும் பின்னர் எவ்வளவு வளர்ச்சியைத் தந்தது என்று அளந்து, அதைக் கழித்த பிறகே ரகங்களை ஒப்பிட்டார்கள். பண்ணையில் அவ்வளவு செய்ய முடியாவிட்டாலும், ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை ஒரே நெருக்கத்தில் நாற்றங்காலில் (குஞ்சு வளர்ப்புக் குளத்தில்) வளர்த்து, ஒத்த எடையில் இருப்புச் செய்வது எவருக்கும் இயலும்.

சராசரி எடையோடு பிழைப்பு விகிதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 5,000 குஞ்சுகளில் 2,500 மட்டும் பிழைத்துத் தலா 600 கிராம் வந்தால் 1,500 கிலோ. 4,000 பிழைத்துத் தலா 500 கிராம் வந்தால் 2,000 கிலோ. மீன் குறைந்த குளத்தில் எஞ்சியவை பெருப்பது இட வசதியால்தான்.

ஒரு சூழலில் கண்ட முடிவை எல்லாக் குளங்களுக்கும் பொருத்துவதும் தவறு. அதே இஸ்ரேல் ஆய்வுகளில், நல்ல தீவனமும் இடமும் கிடைத்தபோது ஐரோப்பியக் கெண்டையும், சாணமிட்ட நெரிசலான குளங்களில் சீனக் கெண்டையும் மேலோங்கின. ஆகவே உங்கள் குளம் எத்தகையதோ அத்தகைய குளத்தில்தான் சோதனை நடக்க வேண்டும்.

இனப்பெருக்கத்தை ஒப்பிடும்போது, 5 கிலோ தாய் மீனின் முட்டை எண்ணிக்கையை 3 கிலோ தாய் மீனுடையதோடு நேராக வைத்துப் பார்க்காமல், ஒரு கிலோ உடல் எடைக்கு எத்தனை என்று கணக்கிட வேண்டும். இரண்டு மூன்று தாய் மீன்களின் குஞ்சுகளை மட்டும் எடுத்தால் ஒப்பிடப்படுவது ரகம் அன்று, அந்தத் தாய்களே. பொரிப்பு விகிதத்திலும் ஒரு பொறி உண்டு. வரிச்செதில் கெண்டையையும் செதிலற்ற தோல் கெண்டையையும் உருவாக்கும் மரபணு தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்து இரட்டையாகச் சேர்ந்தால் கரு பிழைக்காது. எனவே அத்தகைய மீன்களைத் தங்களுக்குள் இணைத்தால் நான்கில் ஒரு பங்கு கருக்கள் அழிவது உறுதி. பொரிப்பகத்தின் நீரையோ பராமரிப்பையோ குறை சொல்வதற்கு முன் பெற்றோரின் செதில் அமைப்பைப் பார்த்துவிட வேண்டும்.

வெப்பமான நம் நீரில் சாதாக் கெண்டை ஓராண்டுக்குள்ளாகவே சினை பிடித்துவிடுவதால், வளர்ச்சி என்று நாம் எழுதிக்கொள்ளும் எடையில் முட்டையும் சேர்ந்திருக்கும். ஹங்கேரியிலிருந்து கர்நாடகத்துக்கு வந்த அமுர் கெண்டை என்னும் சாதாக் கெண்டை ரகம் தாமதமாக முதிர்வதற்காகவே விரும்பப்படுகிறது. அதைப் பழைய ரகத்தோடு ஒப்பிடுவோர் அறுவடை நாளில் ஒவ்வொரு ரகத்திலும் இருபது மீன்களையாவது வயிறு கீறி, சினைப்பையைத் தனியாகவும் குடல் நீக்கிய உடலைத் தனியாகவும் நிறுத்து, ஆண் பெண் பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.