ஜாமுக்கும் ரெக்கார்டிங்குக்கும் ஒரே பேஞ்சோ: பார்த்து வாங்குவது எப்படி?

புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையைப் பலர் கூடி வாசிக்கும் ஜாமில் ஃபிடில், மாண்டலின், கிட்டார் எல்லாவற்றையும் மீறிக் கேட்க வேண்டும். அதே பேஞ்சோவை மைக் முன்னால் வாசித்தால் ஒவ்வொரு சுரமும் தெளிவாக விழ வேண்டும். ஐந்து தந்தி பேஞ்சோவில் இந்த இரண்டையும் தீர்மானிப்பது கழுத்தில் பதித்த சிப்பி வேலைப்பாடு இல்லை, வட்டமான உடல்தான். காசை அங்கே போடுங்கள்.

படி 1: ரெசனேட்டரா, ஓபன்-பேக்கா?

ரெசனேட்டர் என்பது முதுகுப் பக்கம் இருக்கும் மரத் தட்டு. அது ஒலியை முன்னால் தள்ளும். அமெரிக்க பேஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் பிரபலமாக்கிய மூன்று விரல் வாசிப்புக்கு இதுதான் வழக்கம். கிளாஹாமர், அதாவது நகத்தால் கீழ்நோக்கித் தட்டும் பாணியில் வாசிப்பவர்கள், முதுகுத் தட்டு இல்லாத, கனம் குறைந்த, ஒலி மென்மையான ஓபன்-பேக்கை விரும்புவார்கள். முடிவெடுக்க முடியவில்லையா? ரெசனேட்டர் உள்ளதை வாங்குங்கள். வேண்டாதபோது திருகைக் கழற்றி எடுத்துவிடலாம்.

படி 2: மர வளையம்

தோல் இழுத்துக் கட்டியிருக்கும் வளையம் 11 அங்குலம், மூன்றடுக்கு மேப்பிள் என்றால் நல்லது. (தோல் என்று சொன்னாலும் இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.) மலிவு மாடல்களில் அலுமினிய வளையம் வரும், சத்தம் வரும், ஆழம் வராது. மர வளையத்தின்மேல் உட்காரும் டோன் ரிங் என்ற வெண்கல வளையம் கிட்டத்தட்ட ஒன்றரை கிலோ இருக்கும். ஒலி கூர்மையாகும், தோள் வலிக்கும். அது இல்லாமலும் ஆரம்பிக்கலாம். டீரிங் குட்டைம் மாடலில் வெறும் மேப்பிள் வளையம்தான், நன்றாகவே ஒலிக்கிறது. டோன் ரிங் கட்டாயம் வேண்டுமென்றால் கோல்ட் டோன், ரெக்கார்டிங் கிங் மாடல்களைப் பாருங்கள்.

படி 3: ஐந்தாவது தந்தி

இந்தக் குட்டைத் தந்தி ஐந்தாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) தொடங்கும். அதன் முறுக்காணி பல்சக்கரம் உள்ளதா என்று கேளுங்கள். வெறும் உராய்வில் நிற்பது ஜாம் நடுவே நழுவும். ஏழாவது, ஒன்பதாவது ஃப்ரெட்டில் குட்டி ஆணிகள் அடித்திருந்தால் இன்னும் வசதி. இரண்டாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு ஏ சுருதிக்கு மாறும்போது, இந்தத் தந்தியை ஏழாவது ஃப்ரெட் ஆணிக்கு அடியில் மாட்டினால் போதும்.

படி 4: கையில் எடுத்துப் பாருங்கள்

பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தந்தியை லேசாகத் தொட்டு மீட்டுங்கள். அப்புறம் அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக வர வேண்டும். அழுத்தியது ஏறி ஒலித்தால் குதிரையை (தோல்மேல் நின்று தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு) கழுத்திலிருந்து சற்றே தள்ளி நகர்த்தச் சொல்லுங்கள். வயலினில் போலவே இந்தக் குதிரையும் ஒட்டப்பட்டதில்லை, தந்தியின் இழுவையில் நிற்பது. எனவே இதற்காக ஒரு நல்ல பேஞ்சோவை ஒதுக்க வேண்டாம். தோல் தளர்ந்து மந்தமாக ஒலித்தாலும் அப்படித்தான். சுற்றியுள்ள கொக்கிகளைச் சமமாக முடுக்கினால் சரியாகிவிடும்.

கழுத்து முறுகியிருந்தாலோ, அது உடலோடு சேரும் இடத்தில் விரிசல் இருந்தாலோ, எவ்வளவு தள்ளுபடி தந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

படி 5: ஃபோனில் பதிவு செய்யுங்கள்

ஃபோனை ஓர் அடி தள்ளி, கழுத்தும் தோலும் சேரும் இடத்தை நோக்கி வையுங்கள். குதிரைக்கு நேராக வைத்தால் கீச்சென்று கேட்கும். ஒரு சுரம் மீட்டிக் கையால் சட்டென்று அடக்குங்கள். அதற்குப் பிறகும் ரீங்காரம் நீண்டால், குதிரைக்குப் பின்னால் உள்ள தந்தித் துண்டுகளில் சிறு துணியைச் செருகி மறுபடி கேளுங்கள். மென்மையாகவும் வாசித்துப் பதியுங்கள். ஜாமில் ஒருவர் பாடும்போது நீங்கள் அடங்கித்தான் வாசிக்க வேண்டும், அடித்தால் மட்டும் பேசும் வாத்தியம் அங்கே தொல்லை.

இந்தச் சோதனைகளை விரல்களில் உலோகப் பிக்கும் (தந்தியை மீட்ட விரலில் மாட்டும் நகம் போன்ற உறை) கட்டைவிரலில் பிளாஸ்டிக் பிக்கும் மாட்டிக்கொண்டு செய்யுங்கள். வெறும் விரலில் கேட்கும் ஒலி வேறு. பிக் கடையில் இருக்குமா என்று நம்பிப் போகாமல் கையோடு எடுத்துப் போங்கள்.