டி டிரைவில் போட்டால் போதுமா? வீட்டுக் கம்ப்யூட்டருக்கு பேக்கப் எடுக்கும் முறை

"முக்கியமானதெல்லாம் டி டிரைவில் இருக்கிறது, பயமில்லை" என்று மன்னார்குடிப் பக்கம் பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சி, டி எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் பிரிவுகள்தான். பத்தாயத்தை நடுவில் பலகை வைத்துத் தடுத்தால் இரண்டு பத்தாயம் ஆகிவிடாது. விண்டோஸ் கெட்டு ஃபார்மட் அடித்தால் டி பிழைக்கும். டிஸ்க்கே போனால் இரண்டும் போகும். எங்கள் வீட்டில் டிஸ்க்கே போனது. புது டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் மீட்ட வழி இது.

முதலில் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். 1 டிபி வீட்டுக்குத் தாராளம். பேக்கப்புக்கு பென் டிரைவ் எனக்குப் பிடிக்காது. எளிதில் தொலையும், எஃப்.ஏ.டி.32 ஃபார்மட்டில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் அதில் ஏறாது.

அடுத்து ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள். இடப்பக்கம் உங்கள் ஃபோல்டர், வலப்பக்கம் எக்ஸ்டர்னல் டிஸ்க். கம்பேர் அழுத்தி, எது எது போகிறது என்று பார்த்துவிட்டு சிங்க்ரனைஸ் கொடுக்கவும். அதில் மிரர், அப்டேட் என்று வகைகள் உண்டு. மிரர் வைத்தால், இங்கே நீங்கள் தவறி அழித்த படம் அடுத்த முறை அங்கேயும் அழியும். அப்டேட் புதியதையும் மாறியதையும் மட்டும் அங்கே சேர்க்கும்; இங்கே அழித்ததை அங்கே அழிக்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் அப்டேட்டையே வையுங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர்கள் டேலியை மூடிவிட்டு, அதன் டேட்டா ஃபோல்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி சொல்லப்போவதுதான் என்னை அதிகம் அலையவைத்தது. அப்பா பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் (ஃபான்ட்) அடித்து வைத்த கோயில் திருவிழாப் பத்திரிகைகள், வரவு செலவுக் கணக்குகள் எல்லாம் பேக்கப்பில் பத்திரமாக இருந்தன. புது டிஸ்க்கில் திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துகளாகவும், புள்ளி வரவேண்டிய இடத்தில் அரைப்புள்ளியாகவும் தெரிந்தது. ஃபைலில் குறையே இல்லை. பாமினி, வானவில் போன்றவை, எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறை வருமுன் வழக்கில் இருந்த முறையில் அமைந்தவை. அந்த எழுத்துரு இல்லாவிட்டால் தமிழ் எழுத்தே தெரியாது. ஆகவே எழுத்துருக்களையும் பேக்கப்பில் சேர்க்க வேண்டும்.

அதிலும் ஒரு சிக்கல். சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் நகலெடுத்தால் சில எழுத்துருக்கள் விடுபடும். 2018-க்குப் பிந்தைய விண்டோஸ் 10-இலும் 11-இலும், வெறுமனே இன்ஸ்டால் கொடுத்த எழுத்துரு அந்தப் பயனருக்கு மட்டுமென வேறு இடத்தில் போய் உட்காரும். அந்த இடம்: யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ். ஆப்டேட்டா கண்ணுக்குத் தெரியாது. வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸைத் தெரிய வைத்த பிறகுதான் வரும். எழுத்துருவோடு, அழகி, என்.எச்.எம். ரைட்டர் போன்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள்களில் எதில் தட்டச்சு செய்கிறீர்களோ அதன் இன்ஸ்டாலர் ஃபைலையும் அதே டிஸ்க்கில் போடுங்கள்.

பேக்கப் எடுத்த டிஸ்க்கை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து ஃபைலைத் திறந்து பாருங்கள். எழுத்துரு விடுபட்டது அங்கேதான் தெரியும். உங்கள் கம்ப்யூட்டரிலேயே திறந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும்.

விண்டோஸையும் சேர்த்து முழு டிஸ்க்கையும் நகலெடுக்க ரெஸ்க்யூஜில்லா என்ற மென்பொருள் போதும். இதே வேலையைச் செய்யும் குளோன்ஜில்லாவைவிட இதன் திரை தொடக்கக்காரர்களுக்கு எளிது. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்க வேண்டும். ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுத்துப் போங்கள். விண்டோஸைச் சீக்கிரம் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருந்தால் ஷட் டவுன் விண்டோஸை முழுதாக மூடாது. எடுத்த நகலை டிஸ்க்கில் திரும்ப ஏற்றும்போது (ரெஸ்டோர்) அளவைப் பார்த்துச் சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த டிஸ்க்கில் இருப்பது அத்தனையும் அழியும். புது டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள். செருகியே கிடந்தால் வைரஸ் வந்து ஃபைல்களைப் பூட்டும்போது அதையும் சேர்த்துப் பூட்டும். இன்னொரு நகல் வேறு ஊரில் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த பிறகு, நம் பகுதியில் பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. கூரை போன வீட்டில் கம்ப்யூட்டரும் பேக்கப்பும் ஒரே அலமாரியில் இருந்து என்ன பயன்? ஐப்பசி மழைக்கு முன்னே ஒரு நகலைத் திருச்சியிலோ சென்னையிலோ இருக்கும் உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். பட்டா, பத்திரம், சான்றிதழ் ஸ்கேன்களுக்கு கூகுள் டிரைவின் இலவச 15 ஜிபியே தாங்கும். ஜிமெயிலும் அதே 15 ஜிபியில்தான் அடக்கம்.

பின்சேர்க்கை: திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒருவர், பழைய லேப்டாப்பின் டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க எண் கேட்கிறது என்றார். அது, விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரைத் திறக்கும் ரெக்கவரி கீ. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய விண்டோஸ் 11 லேப்டாப்களில், நாம் கேட்காமலேயே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். அந்தக் கணக்கில் நுழைந்தால் பெரும்பாலும் எண் கிடைக்கும். இன்றே பார்த்து, காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள்.

இன்னொருவர், பேக்கப்பே இல்லாமல் படங்களை அழித்துவிட்டதாகக் கேட்டார். அந்த டிஸ்க்கில் வேறு எதையும் பதியாமல் உடனே நிறுத்துங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியை வேறு டிஸ்க்கிலிருந்து ஓட்டி, மீட்டதையும் வேறு டிஸ்க்கிலேயே சேமியுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் நல்ல வாய்ப்பு உண்டு. புதுவகை எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) என்றால், அழித்த இடத்தை அதுவே துடைத்துவிடுவதால், அநேகமாகக் கிடைக்காது.